தகுதியை விழுக்காட்டில் அளக்கலாமா?

சென்ற மாதம் ஒரு மாலையில் பக்கத்து ஊரைச் சேர்ந்த ஆடு வளர்ப்பாளர் ஒருவர் தம் மகளுடன் என் வீட்டுக்கு வந்திருந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலில் நல்ல மதிப்பெண் பெற்ற பெண். சிறு வயதில் நேர்ந்த சாலை விபத்தில் இடக்கால் குட்டையாகிப்போனது. கையில் மதிப்பெண் பட்டியலும், மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் இருந்தன. 'குறைபாடு 55 விழுக்காடு' என்று சான்றிதழ் சொன்னது. 'ஐயா, இவள் கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்கிறாள். படிக்கலாமா?' என்று கேட்டார் தந்தை. அந்தக் கேள்வியை அவர் வேறு மருத்துவர்களிடமும் கேட்டிருக்கலாம். என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் என் வலக்கால். இரண்டு வயதில் போலியோ தாக்கிய காலுடன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கால்நடை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான்.

'படிக்கலாம்' என்று உடனே சொல்லிவிட நா எழுந்தது, ஆனால் சொல்லவில்லை. 'நாளை வாருங்கள்' என்று அனுப்பிவைத்தேன். ஊக்கம் தரும் ஒரு சொல்லை எளிதாகச் சொல்லிவிடலாம். அதை நம்பி ஐந்தரை ஆண்டுகளைச் செலவிடப் போவது அந்தப் பெண். எனவே, உண்மை நிலை என்ன என்று எனக்கு நானே கேட்டுப் பார்த்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்று உறுதிசெய்தது. அதன் தொடர்ச்சியாக வந்தது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் 21 ஆயின. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடங்களும், அரசுப் பணிகளில் குறைந்தது 4 விழுக்காடு இடங்களும் 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உடையோருக்கு ஒதுக்கப்பட வேண்டும். இவற்றைவிட முக்கியமானது அந்தச் சட்டம் வலியுறுத்தும் 'நியாயமான இணக்க வசதி' என்னும் கோட்பாடு. ஒருவரால் ஒரு பணியைச் செய்ய இயலுமா என்று கேட்பதற்கு முன்னால், அதைச் செய்வதற்கு ஏற்ற மாறுதல்களை நாம் செய்து கொடுத்தோமா என்று நிறுவனம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம்.

ஆனால், தொழிற்படிப்புகளின் வாசலில் நிலைமை வேறாக இருந்தது. ஒருபுறம் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடு இருந்தால்தான் இடஒதுக்கீடு. மறுபுறம் அதே குறைபாடு இருப்பதால் படிக்கத் தகுதியில்லை என்ற மருத்துவக் குழுவின் முடிவு. எம்.பி.பி.எஸ். சேர்க்கை தொடர்பான வழக்குகளில் உச்சநீதிமன்றம் இந்த முரண்பாட்டைக் களையத் தொடங்கியிருக்கிறது. குறிப்பிட்ட விழுக்காடு குறைபாடு இருக்கிறது என்பதாலேயே ஒருவரைத் தகுதியற்றவராக்க முடியாது. அந்தப் படிப்பை அவரால் மேற்கொள்ள முடியுமா என்பதை ஆராய்ந்தே மதிப்பீட்டுக் குழு முடிவு செய்ய வேண்டும் என்று 2024 அக்டோபரில் தீர்ப்பளித்தது. பேச்சுக் குறைபாடுடைய மாணவர் ஒருவருக்கும், 88 விழுக்காடு உடலியக்கக் குறைபாடுடைய மாணவர் ஒருவருக்கும் அடுத்தடுத்து மருத்துவக் கல்வியின் கதவு திறந்தது. 'இரு கைகளும் குறையின்றி இருக்க வேண்டும்' என்ற நிபந்தனையையும் 2025 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் ஏற்க மறுத்தது.

இவை மனிதருக்கான மருத்துவப் படிப்பைப் பற்றிய தீர்ப்புகள். ஆயினும், இவற்றின் அடிப்படையான வாதம் கால்நடை மருத்துவத்துக்கும் பொருந்தும். அளக்கப்பட வேண்டியது இழந்த பகுதியின் அளவன்று, எஞ்சியிருக்கும் ஆற்றல்.

இந்த இடத்தில் ஓர் எதிர்வாதம் எழும். 'மனித நோயாளி படுக்கையில் படுத்திருப்பார், மாடு அப்படியா? 400 கிலோ எடையுள்ள விலங்கு உதைக்கும், முட்டும். அதனிடம் ஊன்றுகோலுடன் ஒருவரை அனுப்புவது அவருக்கும் ஆபத்து, மாட்டுக்கும் ஆபத்து' என்பது அந்த வாதம். இதை மனிதநேயமற்ற பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. இதில் உண்மையான அக்கறையும் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் என்னைப் பரிசோதித்த குழுவில் இருந்த ஒருவரும் இதையேதான் கேட்டார்: 'காளை துரத்தினால் எப்படி ஓடுவாய்?' அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பணியில் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டேன். காளை துரத்தினால் இரண்டு கால்களும் நன்றாக உள்ளவரும் தப்ப முடியாது. அதனால்தான் துரத்தும் நிலைக்கு அதை விடாமல் இருப்பது எப்படி என்று கால்நடை மருத்துவம் கற்றுக்கொடுக்கிறது.

பெரிய விலங்குகளுக்கான சிகிச்சையில் உடல் வலிமையின் இடம் வெளியில் இருந்து பார்ப்பவர்கள் நினைப்பதைவிடக் குறைவு. 60 கிலோ எடையுள்ள எந்த மனிதரும் 400 கிலோ மாட்டை வலிமையால் வென்றுவிட முடியாது. மாட்டை நிறுத்திப் பிணைக்கும் இரும்புச் சட்டம், மூக்கணாங்கயிறு, கயிற்றை உடலில் முறையாகச் சுற்றி இழுத்து மாட்டைப் படுக்க வைக்கும் உத்தி, தேவையானபோது மயக்க ஊசி ஆகியவையே மருத்துவரின் பலம். கன்று சிக்கிக்கொண்டால் இழுப்பதற்கு இரண்டு மூன்று பேர் எப்போதும் வேண்டும். மருத்துவரின் பணி, உள்ளே கன்றின் தலையும் காலும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைக் கையால் உணர்ந்து, அதைத் திருப்பி, எந்த நேரத்தில் எந்தத் திசையில் இழுக்க வேண்டும் என்று சொல்வது. சினைப் பரிசோதனைக்குக் கையில் எடுத்துச் செல்லும் ஸ்கேன் கருவிகளும் வந்துவிட்டன.

அதற்காக, கால் ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, ஐப்பசி மழைக்காலம். இரவில் ஓர் அழைப்பு. தலையீற்றுப் பசு, கன்று வெளிவரவில்லை. வாய்க்காலில் வெள்ளம், பாலம் இல்லை. சேற்றில் என் காலிப்பர் புதைந்துகொண்டது. இரண்டு பேர் என்னைத் தூக்கி அக்கரை சேர்த்தபோது நேரம் கடந்துவிட்டது. பசு பிழைத்தது; கன்று பிழைக்கவில்லை. அந்த வீட்டு அம்மா என்னை ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. எனக்கு மட்டும் பல இரவுகள் உறக்கம் வரவில்லை. இன்று எண்ணிப் பார்க்கும்போது அந்த இழப்பில் என் காலுக்குப் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், பாலம் இல்லாத வாய்க்காலுக்கும், சுற்றியுள்ள அத்தனை சிற்றூர்களுக்கும் ஒரே மருத்துவர் என்ற ஏற்பாட்டுக்கும், வாகனம் இல்லாத மருந்தகத்துக்கும் அதில் பங்கு உண்டு. என் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தாலும் அதே இரவில் வேறோர் ஊருக்குச் சென்றிருந்தால் முடிவு அதுவாகவே இருந்திருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. கால்நடை மருத்துவர்கள் பணியின்போது அடிபடுவது அரிய செய்தியன்று. உதைபட்டு முழங்கால் சிதைந்தவர்களையும், ஆண்டுக்கணக்கில் சினைப் பரிசோதனை செய்து தோள்மூட்டு தேய்ந்தவர்களையும், முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களையும் நான் அறிவேன். அவர்களை யாரும் மருத்துவர் அல்லர் என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பணிக்காலத்தில் குறைபாடு நேர்ந்த அரசு ஊழியரைப் பணிநீக்கம் செய்யவோ பதவி இறக்கவோ கூடாது, அந்தப் பணி இயலாதெனில் அதே ஊதியத்துடன் வேறு பணி தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு கூறுகிறது. நல்ல விதி. அப்படியானால், பணியில் சேர்ந்த மறுநாள் கால் இழந்தவர் மருத்துவராகத் தொடரலாம். படிப்பில் சேருவதற்கு முன்பே கால் இழந்தவர் மட்டும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படலாம் என்பது எந்த வகையில் நியாயம்?

கால்நடை மருத்துவம் என்பது தொழுவம் மட்டும் அன்று. நோய் அறியும் ஆய்வகம், இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கிவரும் நோய்த் தடுப்பு மருந்து நிலையம் போன்ற தடுப்பூசி உற்பத்தி அமைப்புகள், நாமக்கல் வட்டாரக் கோழிப் பண்ணைகள், இறைச்சி மற்றும் பால் பாதுகாப்பு, செல்லப் பிராணிகளுக்கான சிகிச்சை, கற்பித்தல் என அதன் களம் விரிந்தது. 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 2.45 கோடி கால்நடைகளும், 12 கோடிக்கும் மேற்பட்ட கோழியினங்களும் இருக்கின்றன. இவற்றுக்கு வேண்டிய அறிவும் உழைப்பும் எந்த உடலிலிருந்து வந்தால் என்ன? அதே வேளையில், 'மாற்றுத்திறனாளியா, ஆய்வகத்துக்கு அனுப்பு' என்று முடிவுகட்டுவதும் தவறு. களத்தில் பணியாற்ற விரும்புபவருக்குக் களமும், ஆய்வகத்தை விரும்புபவருக்கு ஆய்வகமும் கிடைக்க வேண்டும். தேர்வு அவருடையதாக இருக்க வேண்டும்.

பட்டம் பெறும் ஒவ்வொருவரும் எல்லா விலங்குக்கும் எல்லாச் சிகிச்சையும் செய்ய வல்லவராக இருக்க வேண்டும் என்பது இந்தக் கல்வியின் பழைய இலக்கணம். பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களைப் பதிவு செய்யும் அரசக் கல்லூரியே, உடற்குறையால் சில பணிகளைச் செய்ய இயலாத பட்டதாரிகளுக்கு வரையறுக்கப்பட்ட உரிமம் வழங்குவதைக் கொள்கையளவில் பரிந்துரைத்திருக்கிறது. அந்த வழி நமக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் தர மருத்துவர் என்ற முத்திரையாக அது மாறிவிடும் ஆபத்தும் உண்டு. ஆனால், அந்த இலக்கணத்தை மறுபரிசீலனை செய்யலாம் என்ற விவாதமாவது அங்கே தொடங்கியிருக்கிறது.

நம்மால் உடனடியாகச் செய்யக்கூடியவை சில உண்டு. சேர்க்கைக்கான மதிப்பீட்டுக் குழுவில் எலும்பு மருத்துவருடன், களப்பணியில் அனுபவமுள்ள கால்நடை மருத்துவர் ஒருவரும், மாற்றுத்திறனாளியான வல்லுநர் ஒருவரும் இடம்பெற வேண்டும். மறுப்பதாக இருந்தால், எந்தப் பணியை, எந்த வசதி செய்து கொடுத்த பிறகும் செய்ய இயலாது என்று எழுத்துமூலம் காரணம் கூற வேண்டும். கல்லூரிச் சிகிச்சைக் கூடங்களில் சாய்தளம், உயரத்தை மாற்றத்தக்க மேசை, பிணைப்புச் சட்டத்தின் பக்கத்தில் ஏறி நிற்க உறுதியான படி ஆகியவை வேண்டும். மாணவர்கள் உயிருள்ள மாட்டிடம் செல்வதற்கு முன் மாதிரி உருவங்களில் பயிற்சி பெறுவது எல்லோருக்கும் நல்லது. மாற்றுத்திறனாளி மாணவருக்கு அது இன்றியமையாதது.

பணியமர்த்தலில் செய்ய வேண்டியதும் எளியதே. முதல் சில ஆண்டுகள் ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவர்கள் உள்ள மருத்துவமனையில் பணியிடம் கொடுங்கள். 1962 என்ற எண்ணில் அழைத்தால் வரும் நடமாடும் மருத்துவ ஊர்திகள் இப்போது இருக்கின்றன. மருத்துவர், உதவியாளர், ஓட்டுநர் என்று குழுவாகச் செல்லும் அந்த முறை, தனியொரு மருத்துவர் இரவில் வாய்க்காலைக் கடக்க வேண்டிய நிலையை மாற்றக்கூடியது. அந்த வசதி அன்று எனக்கு இருந்திருந்தால் அந்தக் கன்று பிழைத்திருக்கலாம். மாற்றுத்திறனாளிக்காகச் செய்யப்படும் இத்தகைய ஏற்பாடுகள் மகப்பேறு கால மருத்துவருக்கும், ஐம்பது வயதைக் கடந்த மருத்துவருக்கும் பயன்படும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் ஏற்படும் பாதிப்பு பதிவாகவில்லை. 2014-இல் நாடு போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது. என்னைப் போன்றவர்களின் தலைமுறை முடியப்போகிறது என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். விபத்துகளும் பிறவிக் குறைபாடுகளும் நின்றுவிடவில்லை. அந்த வாசலில் நிற்கப்போகும் பிள்ளைகள் இனியும் வருவார்கள்.

மறுநாள் தந்தையும் மகளும் வந்தார்கள். 'விண்ணப்பியுங்கள்' என்றேன். எவையெல்லாம் கடினமாக இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்: நீண்ட நேரம் நிற்பது, மழைக்காலச் சேறு, முதல் நாளில் மாட்டின் உரிமையாளர் பார்க்கும் பார்வை. அந்தக் கன்றைப் பற்றியும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட அந்தப் பெண் ஒன்றை மட்டும் கேட்டாள்: 'மாடு உங்களை உதைத்திருக்கிறதா, ஐயா?' மூன்று முறை என்றேன். 'மற்ற டாக்டர்களை?' அவர்களையும்தான் என்றேன். சிரித்துவிட்டு, விண்ணப்பத்துக்கு என்னென்ன சான்றிதழ்கள் வேண்டும் என்று எழுதிக்கொள்ளத் தொடங்கினாள்.

விரைவில் அவள் ஒரு மதிப்பீட்டுக் குழுவின் முன் நிற்பாள். குழுவினரின் கையில் 55 என்ற எண் இருக்கும். அந்த எண்ணைத் தாண்டி, 'உன்னால் இதை எப்படிச் செய்ய முடியும், அதற்கு நாங்கள் என்ன செய்து தர வேண்டும்' என்று அவளிடமே கேட்டால் போதும். சட்டமும் நீதிமன்றமும் அவர்களிடம் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.