பாட்டுக்கும் சொந்தபந்தம் உண்டு!



போன லீவுல எங்க பெரியப்பா மகன் அண்ணன் செல்போனில் ஒரு ராப் பாட்டுப் போட்டுக் காட்டினார். அமெரிக்காவின் தெற்கில் ஜார்ஜியா மாநிலம், அட்லாண்டா நகரத்து 'அவுட்காஸ்ட்' குழு பாடியது. ஆந்த்ரே 3000, பிக் பாய் என்று இரண்டு பேர். எனக்குப் பாதி வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்த பேஸ் கிடார் சத்தம் நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"இதே மாதிரி வேற யாருண்ணே பாடுறாங்க?" என்று கேட்டேன். "போனே வரிசையாப் போடும், கேளு" என்றார். போட்டது. எல்லாம் சத்தம்தான், அந்தச் சத்தம் இல்லை.

இங்கேதான் என் கருத்தைச் சொல்கிறேன். ஒரு பாட்டு பிடித்தால், அதுக்குச் சொந்தக்காரங்க யார் என்று நாமளே தேட வேண்டும்.

நான் பாடியவர் பேரை விட்டுவிட்டு இசை அமைத்தவர் பேரைப் பார்த்தேன். 'ஆர்கனைஸ்டு நாய்ஸ்' என்று மூன்று பேர். அதில் ரிக்கோ வேட் என்பவரின் அம்மா வீட்டுக்கு அடியில் மண் தரையோடு ஒரு அறை. அங்கேதான் எல்லாரும் கூடிப் பாட்டுக் கட்டினார்கள். அவுட்காஸ்டின் முதல் ஆல்பம் 1994-இல் வந்தது. அதே அறையிலிருந்து 1995-இல் 'குடீ மாப்' குழுவின் 'சோல் ஃபுட்' வந்தது. அது தெற்கத்திக் கறுப்பின மக்களின் வீட்டுச் சமையலுக்குப் பேர். கேட்டதும், 'அட, இதுதான் நான் தேடினது!' என்று துள்ளினேன்.

அப்புறம் டெக்சாஸின் போர்ட் ஆர்தர் ஊர் 'யூ.ஜி.கே.', மெம்பிஸ் நகரத்து 'எயிட்பால் அண்ட் எம்.ஜே.ஜி.' கிடைத்தார்கள். ஊர் வேறு, ஆனால் சாயல் ஒன்று. சர்ச்சில் கேட்ட ஆர்கன், பழைய சோல், ப்ளூஸ் பாட்டு, அவசரப்படாத தாளம், இழுத்துப் பேசும் தெற்கத்திப் பேச்சு, எல்லாம் அதில் இருக்கிறது.

அந்தப் பேச்சுக்காகவே அவர்களைக் குறைவாகப் பார்த்தார்கள். 1995-இல் நியூயார்க்கில் அவுட்காஸ்ட் புதுக் குழுவுக்கான விருது வாங்க மேடை ஏறியபோது கூட்டம் கூச்சல் போட்டது. தெற்குக்கும் சொல்ல விஷயம் இருக்கிறது என்று ஆந்த்ரே மைக்கில் சொல்லிவிட்டு இறங்கினார். 2004-இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது அவர்களுக்கே! பேச்சை மாற்றிக்கொண்டு ஜெயிக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. ஒரு பேச்சுப் போட்டியில் நான் 'அங்கிட்டு' என்று சொன்னதுக்கு எல்லாரும் சிரித்தார்கள். அதுக்கப்புறம் நான் மேடையே ஏறவில்லை.

"அதில் கெட்ட வார்த்தை வருமே" என்று ஆசிரியர்கள் கேட்கலாம். உண்மைதான், வருகிறது. அந்தப் பாட்டுகளை நான் தள்ளிவிடுகிறேன். நெல்லில் பதர் இருக்குன்னு மூட்டையையே கொட்டுவோமா?

தோழிகளே! பிடித்த பாட்டின் வேரைத் தேடுங்கள். சொந்தக்காரங்க ஒவ்வொருத்தராக் கிடைப்பாங்க. அடுத்த பேச்சுப் போட்டிக்கு நான் பேர் கொடுத்திருக்கிறேன். 'அங்கிட்டு' என்றே சொல்வேன். சிரிக்காமல் கேளுங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி