அரபு இண்டெக்ஸா? உள்ளே என்ன இருக்குன்னு பாருங்க

ஷேர் மார்க்கெட் பேச்சு ஹாஸ்டல் மெஸ் வரைக்கும் வந்துடுச்சு. அதுல அடிக்கடி காதுல விழுற யோசனை ஒண்ணு: "எல்லாத்தையும் நிஃப்டியிலயே போடாதே, கொஞ்சம் அரபு நாட்டு இண்டெக்ஸ்லயும் போடு, ரிஸ்க் பிரிஞ்சிடும்." யோசனையில தப்பில்லை. ஆனா அந்தப் பெயருக்குள்ள என்ன இருக்குன்னு திறந்து பார்க்காம சொல்றது தப்புன்னுதான் எனக்குத் தோணுது.

இண்டெக்ஸ் என்பது ஒரு வெயிட்டட் ஆவரேஜ். யாருக்கு எவ்வளவு எடை என்பதில்தான் விஷயமே. சவுதி அராம்கோவை எடுத்துக்கோங்க. 2019 டிசம்பரில் ஒரு பங்கு 32 ரியால்னு வித்தாங்க. மொத்தம் 20,000 கோடி பங்குகள். பெருக்கிப் பார்த்தா கம்பெனியின் மதிப்பு சுமார் 1.7 லட்சம் கோடி டாலர்! ஆனா அப்போ வெளியே வித்தது வெறும் 1.5 சதவீதம், மீதி அரசாங்கத்தின் கையில. சந்தையில் புழங்கும் பங்குகளுக்கு மட்டும் எடை தரும் இண்டெக்ஸில் இந்த யானை பூனையா சுருங்கிடும். அதனாலதான் எம்எஸ்சிஐ சவுதி இண்டெக்ஸில் அராம்கோவைவிட அல் ராஜ்ஹி வங்கி பெரிய ஆளா நிக்குது. எண்ணெய்யை நம்பி அந்த இண்டெக்ஸை வாங்குறவர் கைக்கு வர்றது நிறைய வங்கிப் பங்குகள். அந்த வங்கிகளும் அரசாங்கத்தின் எண்ணெய்க் காசு புழங்கினாத்தான் செழிக்கும் என்பது வேற கதை.

சரி, ஒரு நாடு வேண்டாம், அரபு நாடுகள் எல்லாம் சேர்ந்த இண்டெக்ஸ் வாங்கலாமே? சவுதிதான் அங்கே மிகப் பெரிய சந்தை. அதுக்குத் தும்மல் வந்தா மொத்த இண்டெக்ஸுக்கும் ஜலதோஷம்.

அடுத்தது கரன்சி. யூனிட் போடாம விடை எழுதினா மார்க் போயிடும்ல, அதே கதைதான். 2016-ல் எகிப்தின் இஜிஎக்ஸ் 30 இண்டெக்ஸ் 70 சதவீதத்துக்கு மேல ஏறுச்சு. கேட்க அமர்க்களமா இருக்கு. ஆனா அந்த நவம்பரில் எகிப்து தன் பவுண்டை மிதக்க விட்டது. வருட ஆரம்பத்தில் டாலருக்கு 8 பவுண்டுக்கும் குறைவா இருந்தது, முடிவில் 18-ஐத் தாண்டிடுச்சு. 100 டாலர் போட்டவர் கையில 80 கூட மிஞ்சலை. சவுதி ரியாலோ 1986-லிருந்து டாலருக்கு 3.75-ன்னு அசையாம நிக்குது. ரெண்டையும் ஒரே "அரபு" டப்பாவுக்குள்ள போட முடியுமா?

கரன்சி அசையலைன்னா சந்தையும் அசையாதுன்னு நினைச்சுடாதீங்க. சவுதியின் டாசி இண்டெக்ஸ் 2006 பிப்ரவரியில் 20,000-ஐத் தாண்டுச்சு. அதே வருட முடிவில் 8,000-க்கும் கீழே. கடன் வாங்கிப் போட்ட சாதாரண மக்கள்தான் அதிகம் அடிபட்டாங்க. அந்தப் பழைய உச்சத்தை அது திரும்பத் தொடவே இல்லை.

ஃபண்டோட ஃபேக்ட்ஷீட் நெட்ல இலவசமா கிடைக்குது. எந்த நாட்டுக்கு எவ்வளவு எடை, முதல் பத்து பங்குகள் எவை, கணக்கு எந்தக் கரன்சியில், மூணும் அதிலேயே இருக்கும். இதைச் சொல்லத் தெரியாத சீனியர் டிப்ஸ் கொடுத்தா, ஒரு டீ வாங்கிக் கொடுத்துட்டு கிளம்பிடுங்க.