எதற்கு எதிர்ப்பு?

அண்மையில் ஓர் ஆய்வரங்கில் அமர்ந்திருந்தேன். துவரையின் மலட்டுத் தேமல் நோய்க்கு "எதிர்ப்புத்திறன் கொண்ட" மரபு வகைகளை ஆய்வாளர் ஒருவர் பட்டியலிட்டார். "எதற்கு எதிர்ப்பு? சிலந்திக்கா, நச்சுயிரிக்கா? நச்சுயிரிக்கு என்றால் எந்த ஊர் நச்சுயிரிக்கு?" என்று கேட்டேன். "மொழியியல் படித்தவர்களுக்குச் சொல்லே நோய்" என்றார் ஒரு மூத்தவர். அரங்கு சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் கேள்விக்கு விடை வரவில்லை. அந்த விடையின்மையைப் பற்றியே இப்பதிவு.

இந்நோய் முதன்முதலில் 1931இல் பீகாரின் பூசாவில் பதிவானது. இளமையில் தாக்குண்ட துவரைச் செடி வாடுவதில்லை, கருகுவதில்லை. வெளிறிய சிற்றிலைகளோடு புதர்போல் மண்டி, பிற செடிகள் பூத்துக் காய்க்கும் காலத்திலும் பச்சையாகவே நிற்கும், பூவே வைக்காது. "பசுங்கொள்ளை நோய்" என்று ஆய்வுலகம் இதை அழைப்பது அதனால்தான். இதைப் பரப்புவது அசேரியா கஜானி என்னும் ஈரியோபைட் சிலந்தி என்பது 1962இல் தெரியவந்தது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, கால்கள் இரண்டே இணை, பயணம் காற்றில். சிலந்தி சுமந்துவரும் நச்சுயிரி எது என்பதை உறுதிசெய்யவோ நோயின் முதற்பதிவிலிருந்து ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆயின. பின்னர் இரண்டாவது நச்சுயிரியொன்றும் அதனோடு சேர்ந்திருப்பது கண்டறியப்பட்டது.

ஆகவே, செடி நோயின்றி நிற்பதற்கு இரண்டு வாயில்கள் உள்ளன. முதல் வாயிலில் சிலந்தி தடுக்கப்படுகிறது: இலையில் அதனால் உண்ணவோ பெருகவோ முடிவதில்லை. இரண்டாம் வாயிலில் நச்சுயிரி தடுக்கப்படுகிறது: சிலந்தி உண்டாலும் நச்சுயிரி செடிக்குள் பரவுவதில்லை. இவை வெவ்வேறு உயிரிகளுக்கு எதிரான வெவ்வேறு தடுப்புகள். இரண்டுக்கும் ஒரே மரபணுதான் காரணம் என்று முன்கூட்டியே கொள்ள எந்த நியாயமும் இல்லை. ஆனால் நம் ஆய்வேடுகளில் இரண்டுக்கும் ஒரே பெயர்: எதிர்ப்பு.

எதிர்ப்பைச் சோதிக்க நாம் கையாளும் முறையும் இந்த மயக்கத்தை வளர்க்கிறது. நோயுற்ற இலையைச் சிலந்திகளோடு எடுத்து, நலமான செடியின் இலைமேல் வைத்து, ஸ்டேப்ளர் ஊசியால் இணைத்துவிடுகிறோம். இலை காயக் காயச் சிலந்திகள் புதிய இலைக்கு நகர்கின்றன. எளிய முறை, மலிவான முறை. ஆஷா போன்ற ரகங்களைத் தந்த ஆய்வு மரபுக்கு இது ஆற்றிய பணியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இம்முறை இரண்டு வாயில்களையும் ஒரே தட்டில் தட்டுகிறது. செடி பிழைத்தால் எந்தக் கதவு மூடியிருந்தது என்பதை அது சொல்வதில்லை. துவரையின் காட்டுறவின மாதிரிகள் 115ஐப் பட்டஞ்சேரு, பெங்களூரு, கோயம்புத்தூர் ஆகிய மூன்று இடங்களின் நச்சுயிரிகளைக் கொண்டு சோதித்தபோது, 15 மட்டுமே மூன்றுக்கும் தாக்குப்பிடித்தன. சிலந்தி வழியாக நோயேற்காத செடிகளில் சில, ஒட்டுக்கட்டி நச்சுயிரியை நேரே செலுத்தியதும் நோயுற்றன. அவற்றின் வலிமை முதல் வாயிலில் மட்டுமே இருந்தது.

ஊரைப் பற்றிய கேள்வியும் வீண்கேள்வி அன்று. பட்டஞ்சேருவில் நலமாக நின்ற வகைகள் பெங்களூருவில் வீழ்ந்த வரலாறு உண்டு. இடத்துக்கு இடம் சிலந்தியே வேறுபடுகிறதோ என்ற ஐயம் எழுந்தது. 2001இல் வெளியான ஆய்வொன்று, நாட்டின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய சிலந்திகளின் ரைபோசோம் டிஎன்ஏவை ஒப்பிட்டது. குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் கிடைக்கவில்லை. வேறுபாட்டை நச்சுயிரியின் பக்கம் தேடவேண்டும் என்ற திசை அதனால் தெளிவானது. சிலந்தியின் மரபியலைத் தனியே கேட்டதால் கிடைத்த தெளிவு இது. கேள்வியைப் பிரித்தால்தான் விடையும் பிரிந்து வரும்.

இப்போது மரபுவழிக் கணக்கைப் பாருங்கள். எதிர்ப்பு ஓங்கு பண்பு என்கிறது ஓர் ஆய்வு. ஒடுங்கு பண்பு என்கிறது மற்றொன்று. பெற்றோர் வேறு, நச்சுயிரி வேறு, எண்ணப்பட்ட பண்பே வேறாக இருக்கலாம் என்னும்போது, இரண்டையும் "எதிர்ப்பு மரபணு" என்ற ஒரே தலைப்பின்கீழ் அடுக்கி, "முரண்பட்ட முடிவுகள்" என்று எழுதுகிறோம். முரண்பாடு செடியில் இல்லாமல் நம் தலைப்பில் இருக்கக்கூடும் என்று ஏன் நமக்குத் தோன்றுவதில்லை?

"துறை வல்லுநருக்குச் சூழலே பொருள் உணர்த்தும், உழவருக்குக் காய்த்தால் போதும்" என்பார்கள். இரண்டும் பிழை. முதல் வாயில் மட்டும் மூடிய இரு பெற்றோரைக் கலந்து "இரட்டை எதிர்ப்பு" என்று நம்பும் வல்லுநருக்கு எந்தச் சூழலும் உதவவில்லை. உழவருக்கோ, ஓர் ஊரில் சோதித்த ரகத்தை வேறோர் ஊரில் விதைத்துவிட்டு, பச்சைப்பசேலென்ற பூவில்லா வயலில் நிற்கும்போதுதான் "எங்கே சோதித்தீர்கள்?" என்ற கேள்வி எழுகிறது. துவரை நீண்டகாலப் பயிர். அந்தக் கேள்விக்கு அவர் கொடுக்கும் விலை ஒரு முழுப் பருவம்.

தமிழில் எழுதுவோருக்குச் சுமை இன்னும் கூடுதல். பயிரின் சாற்றை உறிஞ்சுவதும் சிலந்தி. வலை பின்னி வயலின் பூச்சிகளைத் தின்று நமக்கு நன்மை செய்வதும் சிலந்தி. பயிர் சிலந்தியைத் தாங்குவதும் எதிர்ப்பு. மருந்தைச் செஞ்சிலந்தி தாங்குவதும் எதிர்ப்பு. "சிலந்தி எதிர்ப்பு" என்று மட்டும் எழுதினால், எதிர்ப்பது எது, எதிர்க்கப்படுவது எது என்று படிப்பவர் எப்படி அறிவார்? இது தமிழின் குறை அன்று. அடைமொழி சேர்க்கச் சோம்பும் நம் குறை. சிலந்தி ஏற்காமை, நச்சுயிரி எதிர்ப்பு, தாங்குதிறன், மருந்தெதிர்ப்பு என்று பிரித்தெழுத நம்மிடம் சொற்கள் இருக்கின்றன.

நான் வேண்டுவது மூன்றே சொற்கள். ஆய்வேட்டின் அட்டவணையிலும் ரக வெளியீட்டுக் குறிப்பிலும் "எதிர்ப்பு" என்று எழுதும் ஒவ்வோரிடத்திலும் எதற்கு, எங்கே, எவ்வழி என்ற மூன்றுக்கும் விடை இருக்கட்டும். விடை தெரியாவிட்டால் "நோய் தோன்றவில்லை" என்று மட்டும் எழுதுவோம். அது பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் நேர்மை. மாணவ நண்பர்களே, அடுத்த ஆய்வரங்கில் இக்கேள்வியை நீங்களும் கேளுங்கள். சிரிப்பார்கள், சிரித்து முடிக்கும்வரை அமர்ந்திருந்து, மீண்டும் கேளுங்கள்.