ஏட்டிலிருந்து கணினிக்கு

நம் பென்னாகரம் பக்கத்தில் பயிர்க்கடன், நகைக்கடன், உரம் என்று எதற்கும் சொசைட்டிக்குத்தான் போகிறோம். நாடு முழுவதும் இப்படிப்பட்ட 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை ரூ.2,516 கோடி செலவில் கணினிமயமாக்க மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. நல்ல காரியம்தான். ஆனால் எல்லோரும் மென்பொருளைப் பற்றியே பேசுகிறார்கள். பேரேட்டில் இருப்பதை எக்ஸெல் தாளில் ஏற்றிச் சரிபார்த்து, பிறகு மென்பொருளுக்குள் செலுத்துகிற வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தப்பு நுழைவதோ அங்கேதான்.

எக்ஸெல்லுக்குத் தானாக யோசிக்கும் பழக்கம் உண்டு. 00457 என்று உறுப்பினர் எண்ணைப் போட்டால் முன்னால் உள்ள பூஜ்யங்களை எடுத்துவிட்டு 457 ஆக்கிவிடும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் அதற்கு நினைவு நிற்காது. அந்தக் கட்டங்களை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றி வைப்பதுதான் இதற்கு வழி.

தேதி இன்னும் மோசம். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 12,500 என்று எழுதினால் பிரெஞ்சுக்காரருக்கு அது பன்னிரண்டரை. நமக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. எழுத்து ஒன்றுதான், படிப்பவரின் வழக்கம்தான் வேறு. அமெரிக்க முறையில் அமைந்த கணினியில் 5-6-2023 என்று அடித்தால் ஜூன் 5 அல்ல, மே 6. 25-6-2023 என்றால் 25-ஆவது மாதம் இல்லாததால் அதை வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒதுக்கி வைக்கும். ஒரே வரிசையில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் நின்றால் உடனே சந்தேகப்பட வேண்டும். பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால்தான் வட்டியில்லை. தவணைத் தேதி கணினியில் ஒரு மாதம் முன்னால் நகர்ந்துவிட்டால், ஒழுங்காகக் கட்டியவர்கூட வட்டி கட்ட வேண்டியவர் ஆகிவிடுவார்.

அடுத்தது பெயர். ஒரே கிராமத்தில் நாலு முனுசாமி இருப்பார்கள். மா.முனுசாமியும் முனுசாமி மா.வும் ஒருவரே என்பது கணினிக்குத் தெரியாது. பழைய எழுத்தருக்குத் தெரியும்.

ஆகவே என் கருத்து இது. தட்டச்சு செய்யும் பிள்ளைகள் பக்கத்தில், அந்த ஊர்ப் பேரேட்டை எழுதிய ஒருவரை உட்கார வையுங்கள். ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் உறுப்பினர் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அது மட்டும் போதாது. ஒருவர் கடன் இன்னொருவர் பெயரில் ஏறியிருந்தாலும் மொத்தம் சரியாகவே வரும். அதனால் ஒவ்வொரு உறுப்பினருக்கும் அவர் கடன், வைப்பு, தவணைத் தேதியை ஒரு சீட்டில் அச்சிட்டுக் கொடுத்து, சரி என்று கையெழுத்து வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அதுவரை பழைய ஏட்டைக் கட்டிப் பரணில் போட வேண்டாம்.

நாமும் சும்மா இருக்கக் கூடாது. வீட்டிலுள்ள பாஸ்புத்தகத்தையும் நகைக்கடன் சீட்டையும் எடுத்துக்கொண்டு போய், கணினியில் நம் கணக்கு எப்படி ஏறியிருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்பது நம் உரிமை.