இசைத்தட்டைக் கடித்த மனிதர்

சென்ற தவணையின் இறுதி வாரத்திலே உயர்வகுப்பு மாணவர்க்குப் பழைய படமொன்றைக் காட்டினேன். றொபேட் பிளாகேட்டி என்னும் அமெரிக்கர் 1922ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வடபுல நானூக்' என்பது அது. கனடாவின் வடபகுதியில் வாழும் இனுயிற் மக்களை, அதாவது நம் பழைய பூமிசாத்திர நூல்கள் எஸ்கிமோவர் என்றழைத்த மக்களை, உலகத்தார்க்குக் காட்டிய படம். அதிலே வணிகர் ஒருவர் கிராமபோனை இயக்குகின்றார். நானூக் வியப்புற்று இசைத்தட்டை எடுத்துக் கடித்துப் பார்க்கின்றார். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்றிரவு அப்படத்தின் வரலாற்றைப் படித்தபோது அச்சிரிப்புக் கசந்தது. நானூக் என்பது அவர் பெயரன்று. அல்லாகரியல்லாக் என்பதே பெயர். கிராமபோனை அவர் முன்னரே அறிந்திருந்தார். துப்பாக்கியால் வேட்டையாடும் வழக்கம் வந்துவிட்ட பின்னரும், படத்திற்காகப் பழைய எறியீட்டியை ஏந்தினார். பனிவீட்டினுள் வெளிச்சம் போதாமையால், பாதி திறந்த வீடொன்றைக் கட்டி, அதனுள் துயில்வதுபோல நடித்தனர். பிளாகேட்டி அம்மக்களை இகழ்ந்தவரல்லர், அவர்பால் அன்புடையவரே. ஆயினும் எதனைக் காட்டுவது, எதனை மறைப்பது என்று முடிவு செய்தவர் அவரே.

இனி, அதே மக்களின் மற்றொரு கதையைக் கேளுங்கள். இக்லூலிக் என்பது வடமுனைப் பகுதியிலுள்ள சிற்றூர். தங்கள் மொழியில் நிகழ்ச்சிகள் இல்லாத தொலைக்காட்சி வேண்டாமென்று 1975இலும் 1979இலும் அவ்வூரார் வாக்களித்து மறுத்தனர். அவ்வூரவரான சக்கரியாஸ் குனுக் 1981இல், தாம் செதுக்கிய மாக்கற் சிற்பங்களை மொன்றியல் நகரில் விற்று, ஒரு வீடியோக் கமராவை வாங்கி வந்தார். அவரும் தோழர்களும் மூத்தோர் வாய்மொழியாகக் கூறிய பழங்கதையொன்றை 'அத்தனார்ஜுவாற்' என்னும் படமாக்கினர். முழுவதும் இனுயிற் மொழியிலே அமைந்த முதல் முழுநீளக் கதைப்படம் அதுவே. 2001இல் பிரான்சின் கான் விழாவில், சிறந்த முதற்படத்துக்குரிய தங்கக் கமரா விருதை அது பெற்றது.

இதனை மாணவரிடம் கூறியபோது ஒருவன் எழுந்து கேட்டான்: "சேர், பழங்கதையில் நாயகன் பகைவரைக் கொன்று பழிதீர்க்கின்றான் என்கிறார்கள். குனுக்கோ, கொலை இத்துடன் நிற்கட்டும் என்று முடிவை மாற்றிவிட்டார். பிளாகேட்டி மாற்றினால் பிழை, குனுக் மாற்றினால் சரியா?"

நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தே விடை கூறினேன். குனுக் மாற்றியது தம் முன்னோரின் கதையை. தவறிருப்பின், மறுநாட் காலையில் அவரை வழிமறித்துக் கேட்க ஊரார் இருக்கின்றனர். பிளாகேட்டி கப்பலேறிவிட்டார், அவரை யார் கேட்பது? இன்னுமொன்று. குனுக்கின் படமுடிவிலே பெயர்கள் ஓடும்போது, இக்கால உடையணிந்தோர் பனிமேற் கமராவுடன் நிற்பதையும் காண்கின்றோம். இது நாங்கள் நடித்த கதை என்று அவர்கள் ஒளியாது சொல்லிவிடுகின்றனர்.

மாணவன் முற்றிலும் அமைதியுற்றானென்று சொல்லமாட்டேன். வருந் தவணையில் இரு படங்களையும் அடுத்தடுத்துக் காட்ட எண்ணியுள்ளேன். இம்முறை வகுப்பு எவ்விடத்திற் சிரிக்கின்றது என்று பார்க்க வேண்டும்.