மின்சாரம் வந்தபின் லொக் எங்கே?

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. நுரைச்சோலை அனல்மின் நிலையமும் செயலிழந்ததால் அடுத்து வந்த நாட்களிலும் ஒன்றரை மணிநேர மின்வெட்டு இருந்தது. வெள்ளவத்தைத் தொடர்மாடியோ கொட்டாஞ்சேனைக் களஞ்சியமோ, பற்றரி தாங்காத இடத்தில் றவுட்டர் அணைந்து, மின் வந்ததும் தானாக எழுந்திருக்கும். “எத்தனை மணிக்கு லைன் போனது?” என்று வாடிக்கையாளர் கேட்டால் நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

உள்மணிக்கூட்டுக்குப் பற்றரி இல்லாத பழைய சிஸ்கோ றவுட்டரில் அப்போது லொக்கைத் திறந்தால், முதல் வரி மார்ச் 1 என்று தொடங்கும். அதன் உள்ளே இருக்கும் ஆண்டு 1993. திகதிக்கு முன்னால் நிற்கும் உடுக்குறி, இந்த நேரத்தை நம்பாதே என்று சாதனமே சொல்வது. மின் போவதற்கு முந்தியவை எதுவும் இராது. அவை நினைவகத்தோடு போய்விட்டன.

லொக்கை வெளியே ஒரு சிஸ்லொக் சேர்வருக்கு அனுப்ப ஒரு வரிக் கட்டளை போதும். எந்த மட்டம் வரை அனுப்புவது என்பதில்தான் நம்மவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். 0 முதல் 7 வரை எட்டு மட்டங்கள். எண் குறையக் குறைய விடயம் பாரதூரமானது. இரைச்சலுக்குப் பயந்து 4 என்று வைத்துவிடுகிறோம். இன்டர்ஃபேஸ் விழுந்த செய்தி மட்டம் 3, அது வரும். ஆனால் பிஜிபி, ஓஎஸ்பிஎஃப் அயல் சாதனங்களின் தொடர்பு அறுந்ததும், கொன்ஃபிக் மாற்றப்பட்டதும் மட்டம் 5. யார் கைவைத்தார் என்று விசாரிக்கும் நாளில் நமக்கு வேண்டிய வரி சேர்வருக்கு வந்தே இராது. மட்டம் 6 வரை எல்லாவற்றையும் அனுப்புங்கள். எதற்கு அலாரம் அடிப்பது என்பதைச் சேர்வரில் தீர்மானியுங்கள். நள்ளிரவில் எழுந்தவர் உடனே ஏதாவது செய்யக்கூடிய விடயத்துக்கு மட்டுமே தொலைபேசி ஒலிக்க வேண்டும்: மின்வழங்கி பழுது, வெப்பம் கூடுதல், பிரதான இணைப்பு அறுதல். மேசைக் கணினி அணைக்கப்பட்டதற்கு அல்ல.

நேரத்தை அலட்சியம் செய்யவே கூடாது. 1996இல் இலங்கை இரு தடவை மணிக்கூட்டை மாற்றியது. 2006 ஏப்ரலில் மீண்டும் +5:30க்குத் திரும்பியது. பழைய சிஸ்லொக் வடிவத்தில் ஆண்டும் இல்லை, நேர வலயமும் இல்லை. அக்கால லொக் ஒன்றை வெளிநாட்டுச் சேர்வரின் லொக்கோடு ஒப்பிட்டால் அரை மணிநேரம் எங்கு போனதென்று தேட வேண்டியிருக்கும். 2009இல் வந்த ஆர்எஃப்சி 5424 இரண்டுக்கும் இடம் தருகிறது. சாதனம் அதற்கு உடன்படாவிட்டாலும், என்டிபியை இயக்கி, ஆண்டையும் வலயத்தையும் காட்டும்படி அமைக்கலாம்.

யூடிபி 514இல் போகும் செய்திக்கு ஒப்புதல் வராது. எஸ்என்எம்பி ட்ராப்பும் அப்படியே. அதைவிட மோசமானது, இருக்கும் ஒரே இணைப்பு விழுந்தால், விழுந்த செய்தியும் அதே வழியாகத்தான் போக வேண்டும். இறந்த றவுட்டர் எதையும் அனுப்பாது. ஆகவே வழக்கமாகப் பேசும் சாதனம் மௌனமானால் அதையே அலாரமாக எடுக்கும்படி சேர்வரை அமைப்பது கட்டாயம். பொது இணையத்தைக் கடந்து போகும் லொக்கை டிஎல்எஸ் இல்லாமல் அனுப்பவே வேண்டாம். அதில் பயனர் பெயர்களும் முகவரிகளும் இருக்கின்றன.

இந்த வாரமே, வாடிக்கையாளருக்கு முன்னறிவித்து, ஒரு கிளை றவுட்டரின் மின்சாரத்தைப் பிடுங்கிப் பாருங்கள். உங்கள் தொலைபேசி ஒலிக்கிறதா, சேர்வரில் விழுந்த நேரம் சரியா என்று பார்த்த பின்பே அந்த இடத்தின் வேலை முடிந்ததாகக் கையொப்பமிடுங்கள்.