கரியின் மேல்தோல்

பேட்டரி என்றாலே லித்தியம், கோபால்ட் என்றுதான் பேசுகிறோம். அந்த லித்தியம் வந்து தங்கும் கரியை யார் நினைக்கிறார்கள்? கரிமுனையின் மேற்பரப்பைத் திருத்துவது பற்றி அண்மையில் படித்ததிலிருந்து எனக்கு இதே ஆதங்கம். 2019இல் நோபல் பெற்ற அகிரா யோஷினோ, 1985இல் பேட்டரியின் எதிர்முனைக்கு, அதாவது லித்தியம் தங்கும் கரிமுனைக்கு, எடுத்துக்கொண்டது பெட்ரோலியக் கோக். எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சுகிற கரி. அடுக்கடுக்கான கரியான கிராஃபைட் அன்று தெரியாத பொருளல்ல. ஆனால் அன்றைய புரொப்பிலீன் கார்பனேட் கரைசலில் லித்தியத்தை ஏற்றப்போனால் கிராஃபைட் ஏடு ஏடாக உரிந்துவிடும். கரைசலில் அதற்குப் பதிலாக வந்த எத்திலீன் கார்பனேட்தான் கிராஃபைட்டைக் காப்பாற்றியது. முதல் மின்னேற்றத்திலேயே கரைசலில் கொஞ்சம் சிதைந்து, கிராஃபைட்டின் மேல் நானோமீட்டர் கணக்கில் ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. லித்தியம் அயனி அதைக் கடக்கும், எலக்ட்ரானால் முடியாது. பேட்டரியின் ஆயுளே அந்தப் படலத்தின் கையில்தான் இருக்கிறது என்றுகூடச் சொல்வேன். அதற்கு விலையும் உண்டு: லித்தியத்தில் ஒரு பங்கு முதல் சுற்றிலேயே அதில் சிக்கிக்கொள்கிறது, பிறகு திரும்புவதில்லை. இந்த இழப்பைக் குறைக்கத்தான் கிராஃபைட் துகள்களின் மேல் நிலக்கீல் போன்ற பிசினைப் பூசி, காற்றுப் படாமல் சுட்டு, ஒழுங்கற்ற கரியால் போர்த்துகிறார்கள். கரைசல் நுழைந்து கெடுக்கும் அடுக்கு விளிம்புகள் அதில் மூடிக்கொள்கின்றன. புது உலோகங்களைத் தேடி ஓடும் ஆய்வுப் பணத்தில் நியாயமான பங்கு இந்தப் பூச்சு வேலைக்கும் வர வேண்டும்.